மூலநிரலிலிருந்து இயங்குதளம்: பேக்கேஜ்களை எந்த வரிசையில் கம்பைல் செய்வது?

ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை முழுக்க மூலநிரலிலிருந்தே உருவாக்க முனைபவர், எந்தப் பேக்கேஜுக்குப் பிறகு எதைக் கம்பைல் செய்வது என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளில் பார்த்துவிடலாம். ஜிஎம்பி என்னும் பேரெண் கணக்கீட்டு லைப்ரரி இல்லாத நிலையில் ஜிசிசி கம்பைலரைத் தொடங்கினால், தேவையானவை கணினியில் உள்ளனவா என்று பார்க்கும் அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் சற்று நேரத்திலேயே ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகிய மூன்றும் வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க லைப்ரரி இல்லாத நிலையில் பைத்தானைக் கம்பைல் செய்தாலோ, வேலை தடையின்றி முடியும், பைத்தான் நிறுவப்படும், சிறு நிரல்கள் ஓடவும் செய்யும். அதில் எஸ்எஸ்எல் மாட்யூல் மட்டும் இருக்காது. இன்னும் பல பேக்கேஜ்களைக் கடந்த பிறகு, பைத்தான் வழியாக இணையத்திலிருந்து ஏதேனும் ஒன்றை இறக்க முயலும்போதுதான் அந்தக் குறை தெரியவரும்.

முதல் வகைத் தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அரை மணி நேரம் வீணாகலாம், அவ்வளவுதான். இரண்டாம் வகைத் தவறு அமைதியாகக் கணினிக்குள் குடியேறிவிடுகிறது. ஆகவே, எல்லாப் பேக்கேஜும் பிழையின்றிக் கம்பைல் ஆகிவிட்டன என்பதை மட்டும் வைத்து ஒரு வரிசையைச் சரியானது என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. வரிசைப்படுத்தும் வேலையைக் கணினியே நொடியில் செய்துவிடும். மனிதர் செய்ய வேண்டியவை இரண்டு: சார்புகளை, அதாவது எந்தப் பேக்கேஜுக்கு எவையெவை தேவை என்பதை, வெளியே தெரியாதவை உட்பட முழுமையாகத் திரட்டுவது, அந்தச் சார்புகள் வட்டமாகச் சுழலும் இடங்களில் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த இரண்டைப் பற்றியதே.

சார்புகளைத் திரட்டுதல்

"ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று தேவை" என்று பொதுவாக எழுதி வைப்பது போதாது. எப்போது தேவை, எந்தக் கணினியில் தேவை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கம்பைல் செய்யும்போது இயங்க வேண்டிய கருவி ஒரு வகை. பைசன், பெர்ல், மீசான், நிஞ்சா போன்றவை இதில் அடங்கும். லிங்க் செய்யப்பட வேண்டிய லைப்ரரியும் அதன் ஹெடர் கோப்புகளும் இரண்டாம் வகை. நிறுவிய பிறகு இயங்கும்போது மட்டும் தேவைப்படுவது மூன்றாம் வகை. சோதனைத் தொகுப்பை ஓட்டுவதற்கு மட்டும் தேவைப்படுவது நான்காம் வகை. ஜென்டூ தனது இபில்ட் கோப்புகளில் முதல் மூன்றுக்கும் பிடிபெண்ட், டிபெண்ட், ஆர்டிபெண்ட் என்று தனித்தனி மாறிகளை வைத்திருப்பதும், ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ்பில்ட் கோப்புகளில் சோதனைக்கான சார்புகளுக்கு செக்டிபெண்ட்ஸ் என்று தனி வரி இருப்பதும் இந்த வேறுபாட்டுக்காகவே.

இந்தப் பிரிவினையின் பயன் வரிசையை அமைக்கும்போதுதான் புலப்படும். இயங்கும்போது மட்டும் தேவைப்படும் ஒன்றைப் பிறகு கம்பைல் செய்தாலும் கெடுதல் இல்லை. முதல் இரண்டு வகைகளும் கட்டாயம் முன்னே வர வேண்டும். சோதனைச் சார்பை மதிப்பதா விடுவதா என்பது நம் கையில் இருக்கிறது. டிசிஎல், எக்ஸ்பெக்ட், டெஜாக்னு ஆகிய மூன்றும், அசெம்பிளரும் லிங்க்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸுக்கும் ஜிசிசிக்கும் முன்பாக வைக்கப்படுவது அவற்றின் சோதனைகளை ஓட்டுவதற்காகவே. அந்தச் சோதனைகளை விட்டுவிட முடிவு செய்தவர் மூன்றையும் அங்கிருந்து அகற்றிவிடலாம். இருந்தாலும், இயங்குதளத்தில் உள்ள ஒவ்வொரு நிரலையும் பெற்றெடுக்கப் போகும் கம்பைலரைச் சோதிக்காமல் விடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தகவலை எங்கிருந்து எடுப்பது? பேக்கேஜின் சொந்தக் கோப்புகளே முதன்மையான ஆதாரம்: ஆட்டோகான்ஃபைப் பயன்படுத்துபவற்றில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டின் மூலக் கோப்பு, மீசானைப் பயன்படுத்துபவற்றில் மீசான்பில்ட் கோப்பு, சிமேக்கில் அதன் பட்டியல் கோப்பு. ரீட்மீ, இன்ஸ்டால் ஆகிய கோப்புகளையும் படிக்க வேண்டும், ஆயினும் அவை பழையனவாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு நடைமுறை உண்மையையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வெளியீட்டுக்கான டார் கோப்பில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும், பல நேரங்களில் பைசன் உருவாக்கிய பாகுபடுத்தி நிரலும் ஆயத்தமாகவே சேர்க்கப்பட்டிருக்கும். அதே பேக்கேஜை கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் அவை இருக்காது. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பைசன் என்று சார்புகள் பெருகும். டார் கோப்பின் மீது பேட்ச் போட்டு கான்ஃபிகரின் மூலக் கோப்பைத் தொட்டுவிட்டாலும் இதே நிலைதான், ஏனெனில் கோப்பின் நேரமுத்திரை மாறியதைக் கண்டு மேக் மீண்டும் ஆட்டோகான்ஃபைக் கூப்பிடத் தொடங்கும். வரிசையின் தொடக்கக் கட்டங்களில் வெளியீட்டு டார் கோப்புகளையே பயன்படுத்துவது இதனால்தான் எளிது.

டெபியன், ஆர்ச் போன்ற ஆயத்த லினக்ஸ் தொகுப்புகளின் சார்புப் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவை மிகவும் பயனுள்ளவை, எனினும் அவற்றில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. டெபியனின் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் ஜிசிசி, மேக், சி லைப்ரரியின் ஹெடர்கள் போன்றவை எழுதப்படுவதில்லை. பில்ட்-எசென்ஷியல் என்னும் தொகுதி எப்போதும் இருக்கும் என்று கொள்ளப்படுகிறது. பாஷ், கோர்யூட்டில்ஸ், செட், கிரெப் ஆகிய அடிப்படைக் கட்டளைப் பேக்கேஜ்களும் இன்றியமையாதவை என்ற பெயரில் அப்படியே விடப்படுகின்றன. ஆர்ச் லினக்ஸில் பேஸ்-டெவெல் என்னும் தொகுதிக்கும் இதே விதி. மூலநிரலிலிருந்து தொடங்குபவருக்கு மிகவும் தேவைப்படும் அடித்தளப் பகுதி எதுவோ, அதுவே இந்தப் பட்டியல்களில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தப் பகுதிக்கு, லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டக் கற்பிக்கும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் திட்டம் வெளியிடும் சார்புப் பின்னிணைப்பு நல்ல துணை. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் நிறுவத் தேவையானவை, சோதனைக்குத் தேவையானவை, இதற்கு முன் நிறுவப்பட வேண்டியது எதற்காக என்பவற்றை அது தனித்தனியாகத் தருகிறது.

இணைகளாக எழுதி வரிசையாக்குதல்

திரட்டிய சார்புகளை ஒரு உரைக்கோப்பில் வரிக்கு ஒரு இணையாக எழுத வேண்டும். முன்னே வர வேண்டியது முதலில், பின்னே வருவது அடுத்து. சிறு பகுதி ஒன்று இப்படி இருக்கும்:

ஜிஎம்பி எம்பிஎஃப்ஆர்
ஜிஎம்பி எம்பிசி
எம்பிஎஃப்ஆர் எம்பிசி
எம்பிசி ஜிசிசி
ஸிலிப் பின்யூட்டில்ஸ்
பின்யூட்டில்ஸ் ஜிசிசி

இந்தக் கோப்பைக் கோர்யூட்டில்ஸில் உள்ள டிசார்ட் கட்டளைக்குக் கொடுத்தால் அது ஒரு வரிசையைத் தரும். இக்கட்டளை 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. லைப்ரரிக் கோப்பை ஒரே ஒரு முறை மட்டும் படித்துச் செல்லும் அக்கால லிங்க்கருக்காக, ஆப்ஜெக்ட் கோப்புகளைச் சரியான வரிசையில் அடுக்க அது பயன்பட்டது. இதன் பின்னுள்ள வழிமுறையை 1962-இல் ஆர்தர் கான் வெளியிட்டார்: தனக்கு முன் எதுவும் தேவைப்படாதவற்றை முதலில் எடுத்து வெளியே வைப்பது, அவற்றை நீக்கியபின் விடுபட்டு நிற்பவற்றை அடுத்து எடுப்பது, எதுவும் மிச்சமில்லாத வரை இதையே தொடர்வது.

மேலுள்ள இணைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற ஒழுங்கு மாறாது. ஜிசிசி கடைசியில்தான் வரும். ஸிலிப் என்னும் தரவுச் சுருக்க லைப்ரரியும், அதற்குப் பின் வர வேண்டிய பின்யூட்டில்ஸும் ஜிசிசிக்கு முன் எங்கு வேண்டுமானாலும் வரலாம். இத்தகைய இடங்களில் அகரவரிசை போன்ற ஒரு எளிய விதியை வகுத்துக்கொண்டு அதை எப்போதும் பின்பற்றுவது நல்லது. ஏனெனில் ஒவ்வொரு முறையும் வேறொரு வரிசை கிடைத்தால், முன்பு கட்டிய இயங்குதளத்துக்கும் இப்போதையதற்கும் இடையே ஒரு வேறுபாடு தென்படும்போது அதன் காரணத்தைத் தேடிப் பிடிப்பது கடினமாகிவிடும். லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்சின் தற்காலிகக் கருவிகள் பகுதியில் எம்4, என்கர்சஸ், பாஷ் ஆகியவற்றுக்குப் பிறகு கோர்யூட்டில்ஸ் முதல் எக்ஸ்ஸெட் வரை ஆங்கில அகரவரிசையிலேயே செல்வதைக் காணலாம். அங்கே அவற்றுக்குள் ஒன்றையொன்று காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே அதன் பொருள்.

இணைகளை எழுதும்போது திசையைக் கலந்துவிடக் கூடாது. "இது அதைச் சார்ந்தது" என்ற பொருளில் சில வரிகளும் "இது அதற்கு முன்" என்ற பொருளில் வேறு சில வரிகளும் ஒரே கோப்பில் இருந்தால், டிசார்ட் புகார் எதுவும் சொல்லாமலேயே தவறான வரிசையைத் தந்துவிட முடியும். வட்டச் சார்பு இருந்தால் அது பிழைச்செய்தியில் அந்த வட்டத்தின் உறுப்புகளைக் காட்டிவிட்டு, தானாகவே ஏதோ ஓர் இணையை விலக்கித் தொடர்ந்து வரிசையை அச்சிடும். அந்த வெளியீட்டைப் பயன்படுத்தவே கூடாது. எந்த இணையை விலக்குவது என்பது பேக்கேஜ்களை அறிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு.

வட்டங்களை வெட்டுதல்

முதல் வட்டம் அடித்தளத்திலேயே காத்திருக்கிறது. ஜிலிப்சி என்னும் சி லைப்ரரியைக் கம்பைல் செய்ய ஜிசிசி வேண்டும். ஜிசிசியின் பகுதிகளான லிப்ஜிசிசியும் சி++ லைப்ரரியும் முழுமையாக உருவாக ஜிலிப்சி வேண்டும். இதை விடுவிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பின்னால் வரும் எல்லா வட்டங்களும் இதே தத்துவத்தில்தான் தீர்கின்றன.

முதலில் பின்யூட்டில்ஸைக் கம்பைல் செய்ய வேண்டும். ஜிசிசியும் ஜிலிப்சியும் தங்கள் கான்ஃபிகர் கட்டத்தில் அசெம்பிளரையும் லிங்க்கரையும் சோதித்துப் பார்த்து, அவற்றின் திறனுக்கேற்பத் தங்கள் வசதிகளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அவை இரண்டும் காணப் போகும் லிங்க்கர் நாம் உருவாக்கியதாகவே இருக்க வேண்டும். அடுத்து ஜிசிசியின் குறைந்த வடிவம் ஒன்றைக் கட்டுகிறோம். அதில் பகிர்வு லைப்ரரிகள் கிடையாது, திரெட் ஆதரவு கிடையாது, சி லைப்ரரியின் ஹெடர்களைத் தேடக் கூடாது என்ற கட்டளையும் உண்டு. நியூலிப் என்னும் சிறிய சி லைப்ரரி பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லும் ஒரு கான்ஃபிகர் தெரிவையும் அத்துடன் கொடுப்பார்கள். நியூலிப் உண்மையில் எங்கும் வரப்போவதில்லை; லிப்ஜிசிசியைக் கட்டும்போது சி லைப்ரரியின் துணையை நாடும் பகுதிகள் விலக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அந்தத் தெரிவு. இப்படி உருவாகும் கம்பைலர் முழுமையற்றது, ஆனாலும் ஜிலிப்சியைக் கம்பைல் செய்ய அதுவே போதும்.

பிறகு லினக்ஸ் கர்னலின் ஹெடர் கோப்புகள் நிறுவப்படுகின்றன. கர்னலே வரிசையின் கடைசிப் பகுதியில்தான் கம்பைல் ஆகும், அதன் ஹெடர்களோ மூன்றாவது படியிலேயே வந்துவிடுகின்றன. ஒரே மூலநிரல் வரிசையின் இரு முனைகளிலும் இடம்பெறுவதால், பட்டியலில் அவற்றை இரண்டு தனித்தனிப் பேக்கேஜ்களாகவே எழுதிவிட வேண்டும். அந்த ஹெடர்களின் மீது ஜிலிப்சி. ஜிலிப்சியின் மீது, ஜிசிசியின் மூலநிரலிலிருந்து சி++ லைப்ரரி மட்டும். சி++ லைப்ரரி இங்கே அவசரமாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2013-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து ஜிசிசியையே சி++ கம்பைலர் கொண்டுதான் கம்பைல் செய்ய முடியும். ஆகவே இரண்டாம் சுற்று ஜிசிசிக்கு முன் அது இருந்தாக வேண்டும்.

இந்த முதல் சுற்று முழுவதும், இலக்குக் கணினியும் நாம் வேலை செய்யும் ஹோஸ்ட் கணினியும் ஒரே வகைச் செயலியைக் கொண்டிருந்தாலும், ஒரு கணினியில் வேறொரு வகைக் கணினிக்கான நிரலைக் கட்டும் கிராஸ் கம்பைல் முறையிலேயே நடத்தப்படுகிறது. இலக்கின் பெயரில் உற்பத்தியாளர் என்ற பகுதியை மட்டும் மாற்றி எழுதினாலே, கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் அதை வேறொரு கணினியாகக் கருதி, ஹோஸ்டின் லைப்ரரிகளைத் தேடிப் போவதை நிறுத்திவிடும். சுற்றி வளைக்கும் வழியாக இது தோன்றினாலும், ஹோஸ்டின் கோப்புகள் புதிய இயங்குதளத்துக்குள் கசிவதைத் தடுப்பதில் இது மிகவும் உறுதியானது.

கிராஸ் கம்பைல் செய்வதால் ஒரு புதிய வகைச் சார்பும் தோன்றுகிறது: சில பேக்கேஜ்கள் தங்களையே சார்ந்திருக்கின்றன. ஃபைல் பேக்கேஜ் தனது அடையாளத் தரவுத்தளத்தை உருவாக்க, அதே பதிப்பைச் சேர்ந்த ஃபைல் கட்டளை ஹோஸ்டில் ஓட வேண்டும். என்கர்சஸுக்கும் அதன் டிக் நிரல் ஹோஸ்டில் இயங்கும் வடிவில் முதலில் தேவை. இரண்டிலும் தீர்வு ஒன்றே: அதே மூலநிரலை ஹோஸ்டுக்காக ஒரு தனி அடைவில் முதலில் கட்டி, அதை வைத்து இலக்குக்கானதைக் கட்டுவது. இணைகளின் கோப்பில் இவற்றை ஹோஸ்ட் வடிவம், இலக்கு வடிவம் என இரண்டு பெயர்களில் எழுதினால் வட்டம் மறைந்துவிடும்.

தற்காலிகக் கருவிகள் போதிய அளவு சேர்ந்ததும் ஓர் அடைவையே முழு இயங்குதளத்தின் வேராகக் காட்டும் சிஎச்ரூட் வழியாகப் புதிய சூழலுக்குள் நுழைகிறோம். அங்கே முதலில் கெட்டெக்ஸ்ட், பைசன், பெர்ல், பைத்தான், டெக்ஸ்இன்ஃபோ போன்றவை தற்காலிகமாகக் கட்டப்படுகின்றன. இறுதி ஜிலிப்சிக்குப் பைசனும் பைத்தானும் கட்டாயம் என்பதை அறிந்தால் இந்தப் பட்டியலின் நோக்கம் விளங்கும். இந்தக் கட்டத்துப் பைத்தானில் எஸ்எஸ்எல் மாட்யூல் இருக்காது; கம்பைல் முடிவில் அந்தச் செய்தி தெளிவாகவே திரையில் வரும். இங்கே அது குறை ஆகாது, திட்டமிட்டே விடப்பட்டது. இறுதிச் சுற்றில் ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எஃப்எஃப்ஐ ஆகியவற்றுக்குப் பிறகு கட்டப்படும் பைத்தானிலும் அதே செய்தி வந்தால் அதுதான் தவறு. ஒரே செய்தி ஒரு கட்டத்தில் இயல்பானதாகவும் இன்னொன்றில் எச்சரிக்கையாகவும் இருப்பதால், எந்தக் கட்டத்தில் எந்த வசதி இல்லாமல் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது அவசியம்.

மேல்நிலை லைப்ரரிகளில் வரும் வட்டங்கள் இதைவிடச் சிறியவை. எழுத்துருக்களை வரையும் ஃப்ரீடைப்பும், எழுத்துகளைக் கோத்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸும் ஒன்றையொன்று பயன்படுத்துகின்றன. ஃப்ரீடைப்பை முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் கட்டி, அதன் மீது ஹார்ஃப்பஸைக் கட்டி, மீண்டும் ஃப்ரீடைப்பைக் கட்டுவது வழக்கமான தீர்வு. எதிர்த் திசையிலும் இந்த வட்டத்தை வெட்டலாம். ஆனால் ஃப்ரீடைப் சிறியது, விரைவில் கம்பைல் ஆவது. இரண்டு முறை கட்ட அதைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம். எந்த வட்டத்திலும் நான் முதலில் பார்ப்பது, அதில் சோதனைக்கோ ஆவணத்துக்கோ மட்டுமான இணை ஏதேனும் உள்ளதா என்பதையே. அப்படி இருந்தால் அதை வெட்டுவதால் நிறுவப்படும் நிரல் பெரும்பாலும் மாறுவதில்லை. டெபியன் தனது பேக்கேஜ்களுக்கு நோசெக், நோடாக் என்ற பில்ட் புரொஃபைல்களை வைத்திருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. அத்தகைய இணை இல்லையென்றால், அணைத்துவிடக்கூடிய விருப்பச் சார்பு எது, அதை அணைத்துக் கட்டியதை மீண்டும் கட்ட ஆகும் செலவு எங்கே குறைவு என்று பார்க்க வேண்டும். சில பேக்கேஜ்கள் தங்களுக்குள்ளேயே ஒரு தீர்வை வைத்திருக்கின்றன. சிமேக்கைக் கட்டச் சிமேக் தேவையில்லை. சி++ கம்பைலரும் அதனுடன் வரும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டும் போதும், கர்ல் உள்ளிட்ட லைப்ரரிகளின் பிரதிகளும் அதனுள்ளேயே உள்ளன.

சோதனையில் மட்டும் தோன்றும் வட்டத்துக்கு ஏசிஎல் நல்ல எடுத்துக்காட்டு. கோர்யூட்டில்ஸ் அணுகல் பட்டியல்களைக் கையாள, ஏசிஎல் லைப்ரரி அதற்கு முன் இருக்க வேண்டும். ஏசிஎல்லின் சோதனைகளில் சிலவோ, அந்த லைப்ரரியுடன் லிங்க் ஆன கோர்யூட்டில்ஸ் இருந்தால்தான் சரியாக ஓடும். ஏசிஎல்லைக் கட்டி நிறுவிவிட்டு, அதன் பில்ட் அடைவை அழிக்காமல் வைத்திருந்து, கோர்யூட்டில்ஸ் முடிந்த பிறகு திரும்பிவந்து சோதிப்பதே இதற்கான வழி.

எளிதில் வெட்ட இயலாத வட்டங்களும் உண்டு. ரஸ்ட் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது; ஒவ்வொரு பதிப்பையும் கம்பைல் செய்ய அதற்கு முந்தைய பதிப்பு தேவை. கோ மொழியின் கம்பைலர் 2015-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து கோவிலேயே எழுதப்பட்டிருப்பதால் அங்கும் அதே நிலை, எனினும் சியில் எழுதப்பட்ட 1.4-ஐக் கட்டி அங்கிருந்து படிப்படியாக ஏறிவரும் பாதை திறந்திருக்கிறது. பெரும்பாலானோர் ரஸ்டுக்கு அதிகாரப்பூர்வமான பைனரியை இறக்கித் தொடங்குகிறார்கள். அது நியாயமான முடிவே. அந்தப் பைனரியை வெளியிலிருந்து வந்த விதை என்று பட்டியலில் வெளிப்படையாகக் குறித்துவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த விதையைச் சுருக்குவதில் குனு கிக்ஸ் திட்டத்தினர் 2023-இல் வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு நிரலிலிருந்து தொடங்கி முழு இயங்குதளம் வரை கட்டிக் காட்டியிருக்கிறார்கள். பொறுமையும் நுணுக்கமும் சேர்ந்த பெரும்பணி அது.

ஓசையின்றி நுழையும் சார்புகள்

வட்டங்கள் குறைந்தபட்சம் கண்ணில் படுகின்றன. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒரு லைப்ரரி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சேர்த்துக்கொண்டு, இல்லையென்றால் விட்டுவிட்டு, இரண்டு நிலையிலும் வெற்றி என்றே முடிவது வேறு வகைச் சிக்கல். ஸெட்ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஜிசிசிக்கு முன்பே நிறுவப்பட்டிருந்தால், லிங்க் நேர உகப்பாக்கத்துக்கான இடைநிலைத் தரவைச் சுருக்க ஜிசிசி அதைப் பயன்படுத்தும். இல்லையென்றால் ஸிலிப்பைப் பயன்படுத்தும். இரண்டுமே இயங்கும் கம்பைலர்கள்தான், ஆனால் ஒன்றல்ல. இவ்வாறு, வரிசையை மாற்றினாலே இயங்குதளம் மாறிவிடுகிறது.

இதைக் கட்டுக்குள் கொண்டுவர, ஒவ்வொரு விருப்பச் சார்பையும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று கான்ஃபிகரிடம் வாய்விட்டுச் சொல்வதே சிறந்தது. மீசானில் ஒரு வசதிக்கு ஆட்டோ, எனேபிள்டு, டிசேபிள்டு என்ற மூன்று நிலைகள் உண்டு; வேண்டிய வசதியை ஆட்டோவில் விடாமல் எனேபிள்டு என்று கொடுத்தால், லைப்ரரி இல்லாதபோது அது அமைதியாக விட்டுவிடாமல் பிழை சொல்லி நிற்கும். ஆட்டோகான்ஃபில் வித், வித்தவுட் என்று தொடங்கும் தெரிவுகள் இதற்கு உதவும். முதல் முறை ஒரு பேக்கேஜைக் கட்டும்போது, அதன் கான்ஃபிக்லாக் கோப்பில் இல்லை என்று முடிந்த சோதனைகளை மட்டும் பிரித்தெடுத்துப் படித்துப் பார்க்குமாறு வலியுறுத்துவேன். அவற்றில் பெரும்பாலானவை வேறு இயங்குதளங்களுக்கு உரியவையாக இருக்கும்; மிச்சமிருக்கும் சிலவே நம் வரிசையைத் திருத்தச் சொல்லும் வரிகள்.

இன்னும் உறுதியான முறை, ஒவ்வொரு பேக்கேஜையும் அதற்கென அறிவிக்கப்பட்ட சார்புகளை மட்டும் கொண்ட தூய்மையான சிஎச்ரூட்டில் கட்டுவது. அறிவிக்க மறந்த சார்பு அங்கே இருக்காது. பில்ட் உடையும், அல்லது வசதி குறையும், இரண்டும் உடனே தெரியவரும். டெபியனின் எஸ்பில்ட் கருவி இந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. நிக்ஸ், கிக்ஸ் என்னும் பேக்கேஜ் மேலாளர்கள் இதை இன்னும் கறாராகச் செய்கின்றன. தனியொருவர் முதன்முறையாகக் கட்டும்போது இது சற்று மிகையான ஏற்பாடு. அதே இயங்குதளத்தை மீண்டும் மீண்டும் கட்டப் போகிறவருக்கு மிகவும் அவசியமானது.

சரிபார்த்தல்

ஜிலிப்சி நிறுவியவுடன் செய்யும் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. வெற்று மெயின் ஃபங்ஷன் ஒன்றைக் கம்பைல் செய்து, கிடைக்கும் பைனரியை ரீட்எல்ஃப் கட்டளையால் படித்து, அது கோரும் டைனமிக் லிங்க்கரின், அதாவது நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை இணைத்துத் தரும் நிரலின், பாதையைப் பார்க்க வேண்டும். எக்ஸ்86-இன் 64 பிட் கணினியில் அது லிப்64 அடைவில் உள்ள எல்டி-லினக்ஸ் கோப்பாக இருக்க வேண்டும். தற்காலிகக் கருவிகளின் அடைவுப் பெயர் அதில் தென்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கட்டும் ஒவ்வொன்றும் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே செல்லும்.

மற்றப் பேக்கேஜ்களுக்கும் ரீட்எல்ஃப் காட்டும் தேவைப்படும் லைப்ரரிகளின் பட்டியலை நம் இணைகளின் கோப்போடு ஒப்பிடலாம். பைனரியில் இருந்து கோப்பில் இல்லாதது ஓசையின்றி நுழைந்த சார்பு. கோப்பில் இருந்து பைனரியில் இல்லாதது, விடுபட்டுப்போன வசதியாகவோ பழைய குறிப்பாகவோ இருக்கும். கட்டி முடித்த இயங்குதளத்திலேயே எல்லாவற்றையும் மீண்டும் ஒருமுறை கட்டி, இரு சுற்றுகளின் பட்டியல்களையும் ஒப்பிடுவது மிகக் கடுமையான சோதனை. முதல் சுற்றில் இல்லாத லைப்ரரி ஒன்று இரண்டாம் சுற்றின் பைனரியில் புதிதாகத் தோன்றினால், அந்தப் பேக்கேஜ் வரிசையில் தேவைக்கு முன்னதாகவே வந்திருந்தது என்று பொருள். ஜிசிசியும் தன்னைத்தானே மூன்று நிலைகளில் கட்டிக்கொண்டு, இரண்டாம் மூன்றாம் நிலைகளின் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிட்டுத்தான் திருப்தியடைகிறது.

பல பேக்கேஜ்களை ஒரே நேரத்தில் கட்டுவது பற்றிச் சுருக்கமாக ஒன்று: ஒரே சூழலுக்குள் நிறுவிக்கொண்டே இணையாகக் கட்டினால், எது எப்போது கண்டறியப்பட்டது என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். தனித்தனித் தூய சூழல்கள் இல்லாதவரை ஒன்றன்பின் ஒன்றாகவே கட்டுங்கள். பேக்கேஜுக்கு உள்ளே மேக் பல வேலைகளை ஒருசேரச் செய்வதே நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்திவிடும்.

புதுப்பிக்கும்போது

இயங்குதளம் கட்டி முடிந்த பிறகும் அந்த இணைகளின் கோப்புக்கு வேலை இருக்கிறது. யூனிகோடு உரையைக் கையாளும் ஐசியு லைப்ரரியின் ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் அதன் எஸ்ஓ பெயர், அதாவது பைனரிகள் அதைத் தேடும் பெயர், மாறுகிறது. அதைப் புதுப்பித்ததும், அதனோடு லிங்க் ஆன அனைத்தையும் மீண்டும் கட்ட வேண்டும். பைத்தான் 3.12-இலிருந்து 3.13-க்குப் போனால் மாட்யூல்களின் அடைவே மாறிவிடுவதால், அதற்கென நிறுவிய மாட்யூல்கள் எல்லாவற்றுக்கும் அதே கதி. கோப்பை எதிர்த்திசையில் படித்து, மாறிய பேக்கேஜை நேரடியாகவோ இன்னொன்றின் வழியாகவோ சார்ந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, அந்தச் சிறு பட்டியலை மீண்டும் டிசார்ட்டுக்குக் கொடுத்தால் மறுகட்டுமானத்தின் வரிசை கிடைத்துவிடும். பழைய லைப்ரரியின் எஸ்ஓ கோப்பை அந்தப் பட்டியல் முழுவதும் முடியும் வரை அழிக்கக் கூடாது. மீண்டும் கட்டுவதற்குத் தேவையான கருவிகளில் ஒன்றே அந்தப் பழைய கோப்பை நம்பி ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஒவ்வொரு இணைக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும் எழுதி வைத்திருந்தால் இந்த வேலை மிகவும் எளிதாகும். ஜிலிப்சியின் 2.39 பதிப்பில் கடவுச்சொல்லை ஹேஷ் செய்யும் லிப்கிரிப்ட் நீக்கப்பட்டபோது, பயனர் கடவுச்சொற்களைக் கையாளும் ஷேடோவுக்கு முன்பாக லிப்எக்ஸ்கிரிப்ட் என்னும் தனிப் பேக்கேஜ் தேவைப்பட்டது. "ஷேடோவுக்கு ஜிலிப்சி: கடவுச்சொல் ஹேஷ் செய்ய" என்று முன்பே குறித்து வைத்தவர் தன் கோப்பில் ஒரு வரியைத் திருத்தியும் இன்னொன்றைச் சேர்த்தும் வேலையை முடித்திருப்பார். டிசார்ட்டுக்குக் குறிப்புகள் புரியாது என்பதால், காரணத்தை மூன்றாவது சொல்லுக்குப் பிறகு எழுதி, முதல் இரண்டு சொற்களை மட்டும் ஆக் என்னும் கட்டளை கொண்டு பிரித்தெடுத்து அதற்கு அனுப்பலாம். மூன்றாவது சொல்லாகச் சார்பின் வகையை, அதாவது கருவி, லைப்ரரி, இயக்கம், சோதனை என்பவற்றில் ஒன்றை, எழுதிவிட்டால், சோதனைகளோடு ஒரு வரிசையும் சோதனைகள் இன்றி ஒரு வரிசையும் ஒரே கோப்பிலிருந்து பெற முடியும்.